கட்டுநாயக்காவுக்குப் போகும் வன்னிக்காரர் கேட்பவை: விமான நிலையத்தைச் சுற்றிப் பார்க்கக்கூடிய இடங்கள்

தம்பி வான் ஓட்டுகிறான். இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றவும் இறக்கவும் மாதத்தில் நாலைந்து தடவை போவான். தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் கணக்கு எழுதுவதும் என் வேலை. பரந்தனில் இருந்து கேட்டாலும் புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மகனை ஏற்றப் போகும் வீட்டார் ஏழு மணி நேரம் பயணம் செய்து, விமான நிலைய வாசலில் நாலு மணி நேரம் நின்று, சோற்றுப் பார்சலை வானுக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதைப் பல முறை பார்த்துவிட்டேன். இருபது நிமிடத் தூரத்தில் கடல் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டு வருந்தியவர்களும் உண்டு. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

கட்டுநாயக்கா கொழும்புக்குள்தானே இருக்கிறது? கொழும்பு நெரிசலில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

இல்லை. பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் கொழும்பில் இருந்து வடக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கில் இருந்து வரும் நமக்கு அது கொழும்புக்கு முன்னாலேயே வந்துவிடும். கொழும்பு நகரத்துக்குள் கால் வைக்காமலே போய்வரலாம்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நீங்கள் பார்க்க வேண்டிய ஊர் நீர்கொழும்பு. அடுத்தது, வரும் வழியில் இருக்கும் சிலாபம்.

எந்த வழியால் போவது நல்லது? எத்தனை மணி நேரம் எடுக்கும்?

ஏ9 வீதியில் வவுனியா, மதவாச்சி வந்து அநுராதபுரம் போக வேண்டும். அங்கிருந்து இரண்டு வழிகள். ஒன்று புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று மேற்குக் கரையோரமாக வருவது. மற்றது குருநாகல், கிரியுல்ல, மினுவாங்கொடை வழியாக வருவது. கரையோர வழியில் வவுனியாவில் இருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர், கிளிநொச்சியில் இருந்து 310 கிலோமீட்டர். நிறுத்தி இளைப்பாறிப் போனால் கிளிநொச்சியில் இருந்து ஏழு மணி நேரம் வையுங்கள்.

பார்த்துக்கொண்டு போக விரும்பினால் புத்தளம் வழிதான் என் தேர்வு. உப்பளங்கள், தென்னந்தோப்புகள், மாதம்பையில் வீதியோரம் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைச் சிலையோடு ஒரு தெய்வக் கோயில் என்று கண்ணுக்கு வேலை இருக்கும். அந்தக் குதிரையைக் கண்டால் எங்கள் அம்மாவுக்கு உடனே முறிகண்டிப் பிள்ளையார் ஞாபகம் வந்துவிடும். வழிப்பயணத்தில் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வென்னப்புவையைக் கடக்கும்போது பெரிய பெரிய வீடுகளைப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் இத்தாலியில் வேலை செய்கிறார்கள். நமக்குக் கனடாவும் பிரான்சும் போல அவர்களுக்கு இத்தாலி.

விமானம் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். எங்கே போகலாம்?

நீர்கொழும்புக் கடற்கரை. விமான நிலையத்தில் இருந்து ஊர் பத்துக் கிலோமீட்டருக்குள் வரும். நெரிசல் இல்லாவிட்டால் 20 நிமிடம், மாலையில் 40 நிமிடம் வையுங்கள். மாலை நாலரைக்குப் போனால் வெயில் தணிந்திருக்கும். முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. அவர்களுடைய கடலில் சூரியன் எழும். இந்தக் கடலில் விழும். எங்கள் பெரியக்காவின் மகள், எட்டு வயது, "சூரியன் பிழையான பக்கம் போகிறது" என்று சொன்னாள். அன்றைய நாளில் வேறு எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க விடாதீர்கள். கால் நனைப்பதோடு போதும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அலை முரட்டுத்தனமாக இருக்கும். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பழகிய கடல் வேறு, இது வேறு.

கடற்கரையை விட்டால் நீர்கொழும்பில் என்ன இருக்கிறது?

நான் முதலில் அனுப்புவது மீன்சந்தைக்கு. 'லெல்லம' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில், களப்பின் வாயில் இருக்கிறது. விடியற்காலையில் படகுகள் வந்து மீன் கொட்டும் நேரத்தில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள் என்பதால் அன்று ஓய்வு. சந்தைக்கு அப்பால் மணலில் தென்னைநார்ப் பாய்களை விரித்து, பிளந்து உப்பு நீரில் ஊறவைத்த மீனை வரிசை வரிசையாகக் காயப் போட்டிருப்பார்கள். பெண்கள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போவார்கள். கருவாடு போடுவது நமக்குத் தெரியாத தொழில் இல்லை. ஆனாலும் கடற்கரை முழுவதும் மீன் விரிந்து கிடக்கும் அந்த அளவு வேறு. எங்கள் மாமி அங்கே நின்ற பெண்ணோடு உப்புக் கணக்குப் பேசத் தொடங்கி, நாங்கள் இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

கோட்டையில் எஞ்சியிருப்பது வாசலும் கொஞ்சம் மதிலும் மட்டும். வாசலில் 1678 என்ற ஆண்டைக் காணலாம். போர்த்துக்கேயரிடம் இருந்து ஒல்லாந்தர் பிடித்ததற்குக் காரணம் கறுவா. இந்தப் பக்கத்துக் கறுவாவுக்கு அன்று உலகச் சந்தையில் பெரும் விலை. பிறகு ஆங்கிலேயர் கோட்டையை இடித்து உள்ளே சிறைச்சாலை கட்டினார்கள். இன்றும் அது சிறைதான். ஆகவே வெளியில் நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. பத்து நிமிடம் போதும்.

புனித மரியாள் தேவாலயத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள். 1874இல் கட்டத் தொடங்கி 1922இல் முடித்தார்கள். விதானம் நிறைய ஓவியங்கள். நீர்கொழும்பைச் 'சின்ன ரோமாபுரி' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அங்கே புரியும். தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போங்கள்.

அங்கே தமிழ் பேசுவார்களா? எனக்குச் சிங்களம் தெரியாது.

பேசுவார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. நீர்கொழும்புக்கென்றே ஒரு தமிழ் இருக்கிறது. கரையோர மீனவக் குடும்பங்களில் பலர் வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசி வளர்ந்தவர்கள். அவர்களுடைய தமிழில் சிங்கள இலக்கணத்தின் சாயல் ஏறியிருப்பதை மொழியறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மொழி சிங்களமாக மாறியபின் தலைமுறைக்குத் தலைமுறை பேச்சு குறைந்து வருகிறது. சந்தையில் வயதானவர்களிடம் தமிழில் பேசத் தொடங்குங்கள். உங்கள் பேச்சு அவர்களுக்கும் அவர்களுடைய பேச்சு உங்களுக்கும் முதலில் விசித்திரமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

கடற்கரைத் தெருவில் பிள்ளையார், மாரியம்மன், காளியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஊரில் விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி என்ற தமிழ்ப் பாடசாலையும் இருக்கிறது. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. சிங்களத்தில் "கீயத?" என்று விலை கேட்கத் தெரிந்தால் மிச்சத்தைக் கையால் சமாளிக்கலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்குக் கோயில்தான் வேண்டும். பக்கத்தில் பெரிய கோயில் எது?

முன்னேஸ்வரம். பக்கம் என்று சொல்ல முடியாது; விமான நிலையத்தில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், ஊர்கள் தொடர்ந்து வருவதால் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். ஆனால் மேலே சொன்ன புத்தளம் வழியில் போகிறவருக்கு அது வழிக்கோயில். சிலாபம் நகரத்தில் இருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் அளவில் திரும்பினால் போதும்.

ஈழத்துப் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீஸ்வரத்துக்கு வன்னியில் இருந்து போகாதவர் குறைவு. கோணேஸ்வரமும் நகுலேஸ்வரமும் பலர் பார்த்திருப்பார்கள். முன்னேஸ்வரத்தைத்தான் விட்டுவிடுகிறோம். இராவணனைக் கொன்ற பிரமகத்தி தோஷம் தொடர்ந்து வர, இராமர் இந்த இடத்தில் அது விலகி நிற்பதை உணர்ந்தார் என்பது தலக்கதை. அருகே மானாவரியில் அவர் லிங்கம் வைத்து வழிபட்டதாகவும் சொல்வார்கள். நேரம் இருந்தால் அந்தச் சிறிய கோயிலையும் பாருங்கள். மூலவர் முன்னைநாதர், அம்பாள் வடிவாம்பிகை. கோட்டே மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு இந்தக் கோயிலுக்குக் கொடுத்த நிலம் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டுவித்தான். பக்கத்துக் காளி கோயிலுக்குச் சிங்களப் பௌத்தர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நேர்த்தி வைப்பதை அம்மா வியப்போடு பார்ப்பார்.

மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள். காலையில் 11 மணிக்கு முன் அல்லது மாலையில் போங்கள். ஆவணியை ஒட்டி ஏறக்குறைய நாலு கிழமை திருவிழா நடக்கும், முடிவில் தெதுறு ஓயா ஆற்றில் தீர்த்தம். அந்த நாட்களில் சிலாபத்தைக் கடக்க ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை, முதலை பார்க்கப் படகில் போகலாம் என்றார்களே, அது எங்கே?

முத்துராஜவெல. நீர்கொழும்புக் களப்புக்கும் களனி ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் பெரிய சதுப்புநிலம். விமான நிலையத்தில் இருந்து தெற்கே பமுனுகம பக்கத்தில், போபிட்டிய என்ற இடத்துப் பார்வையாளர் நிலையத்தில் படகு எடுக்கலாம். காலையில் நேரத்தோடு அல்லது பின்னேரத்தில் போனால்தான் உயிரினங்களைக் காணலாம். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, கரையில் கபரக்கொய்யா என்ற பெரிய உடும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் முதலை. படகில் ஏறும் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள்.

அந்தப் பெயருக்கு முத்துப் போன்ற நெல் விளைந்த அரசனின் வயல் என்று பொருள். ஒரு காலத்தில் உண்மையாகவே நல்ல வயல்நிலம். ஐரோப்பியர் வெட்டிய கால்வாய்களால் கடல்நீர் ஏறி நெல் விளையாமல் போய்விட்டது என்கிறார்கள். உவர் ஏறிய வயலின் வேதனை வன்னி விவசாயிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படகில் போகும்போது அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இதெல்லாம் வயலா?" என்று ஒரு தடவை கேட்டார்.

கொழும்பைப் பார்க்காமலே வருவதா? தாமரைக் கோபுரம், மிருகக்காட்சிசாலை எல்லாம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தால் மட்டும். அதிவேக வீதி இருப்பதால் கொழும்பு எல்லையில் இருக்கும் பேலியகொடை வரை 25 நிமிடத்தில் போய்விடலாம். அதற்குப் பிறகு ஊருக்குள் நகர்வதுதான் பாடு. தாமரைக் கோபுரம் பேலியகொடைப் பக்கத்தில் இருந்து கிட்ட. 350 மீட்டர் உயரம், மேலே ஏறினால் கடலும் துறைமுகமும் தெரியும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை நகரத்தின் மறுகரையில் இருப்பதால் அதையும் இதையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். கொழும்புக்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

பின்னவலையில் யானைகள் குளிப்பதைப் பார்த்துவிட்டு வரலாமா?

கேகாலைப் பக்கம், விமான நிலையத்தில் இருந்து இரண்டு மணி நேரம். குருநாகல் வழியால் திரும்புகிறவர்கள் சிறிது விலகிப் போய்ப் பார்க்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ஆசைப்பட்டால் கூட்டிப் போங்கள். பயிரை யானையிடம் இழந்த வீட்டுப் பெரியவர்களை அதற்காக அலைக்கழிக்க வேண்டாம்.

வந்து இறங்கியவர்களையும் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாமா? சாமான்கள் இருக்குமே.

முன்னால் பார்ப்பது நல்லது, பின்னால் பார்ப்பது கஷ்டம். கனடாவில் இருந்து வந்த சித்தியை ஒரு முறை ஆசையோடு நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனோம். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தவர். வெயிலில் தலை சுற்றி, மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மகிழ்ச்சிக்காக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது இன்னும் எனக்கு வலிக்கிறது. அன்றிலிருந்து வந்தவர்களிடம் முதலில் கேட்பது "படுக்க வேண்டுமா, போகலாமா?" என்பதைத்தான்.

எங்கு நிறுத்தினாலும் வானுக்குள் ஒருவர் இருக்க வேண்டும். கூரையில் பெட்டி கட்டியிருந்தால் சந்தைப் பக்கமே போகாதீர்கள். முன்னேஸ்வரத்தில் நிறுத்த இட வசதி இருக்கிறது. இரண்டு குழுவாகப் பிரிந்து போய்க் கும்பிடலாம்.

விடியப்புறம் இரண்டு மணிக்கு விமானம். அந்த நேரத்தில் என்ன இருக்கும்?

ஒன்றும் இருக்காது. விமானம் தரையைத் தொட்ட பின்னும் குடிவரவு, பெட்டி என்று ஆள் வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். முதல் நாள் மாலையே போய்க் கடற்கரையைப் பார்த்து, நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுத்து எழும்புங்கள்.

சாரதியின் உறக்கத்தை இதில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் பின்னால் தூங்கிக்கொண்டு வரலாம். அவன் போகும்போது ஏழு மணி நேரம், திரும்பும்போது ஏழு மணி நேரம். தம்பிக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த வான் பிடித்தாலும் அவன் ஐந்து மணி நேரமாவது நன்றாகத் தூங்கினானா என்று கேளுங்கள். புத்தளம் அநுராதபுரம் வீதியில் இரவில் யானையும் குறுக்கே வரும். மூன்று மணிக்கு வெளிக்கிட அவசரப்படாமல், ஐந்தரைக்குப் புறப்பட்டால் முன்னேஸ்வரத்தில் காலைப் பூசையும் கிடைக்கும்.

வான் பிடிக்க வசதி இல்லை. பஸ்ஸில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். கொழும்புக்குப் போகும் பஸ் எந்த வழியால் போகிறது என்று நடத்துநரிடம் கேளுங்கள். சிலாபம் வழியால் போனால் நீர்கொழும்பிலேயே இறங்கலாம். கொழும்புக்குப் போய்விட்டால் 240 இலக்க பஸ் நீர்கொழும்புக்கும், 187 விமான நிலையத்துக்கும் வரும். புத்தளம் ரயில் பாதையில் கட்டுநாயக்காவும் நீர்கொழும்பும் நிலையங்கள். ஊருக்குள் முச்சக்கர வண்டி போதும், ஏறுமுன் விலை பேசுங்கள்.

அண்ணன் பாரிசில் இருந்து சென்னைக்குப் போகிறார். இடையில் கட்டுநாயக்காவில் ஏழு மணி நேரம். வெளியே வந்து எங்களைப் பார்க்க முடியுமா?

இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் குடிவரவைக் கடந்து வரலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இலத்திரனியல் பயண அனுமதி தேவை. விதிகள் மாறுவதால் டிக்கெட் எடுக்கும்போதே குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே வர ஒரு மணி நேரம், அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் திரும்ப வேண்டும். மீதி மூன்று மணி நேரம். நீர்கொழும்பில் ஓர் இடத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். வேறு எதற்கும் ஓடாதீர்கள்.

2019இல் குண்டு வெடித்த தேவாலயத்துக்குப் போகலாமா? போவது சரியா?

கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம் நீர்கொழும்பில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் பலர். இப்போது அங்கே நினைவிடம் இருக்கிறது.

போகலாம், மன்றாடப் போகலாம். படம் எடுக்கப் போக வேண்டாம். எங்களுடன் வந்த ஓர் அம்மா, முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இழந்தவர், சைவக்காரர். மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாசலில் நெடுநேரம் நின்றார். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

பலாலியில் இறங்கினால் இவ்வளவு தூரம் போக வேண்டாமே?

இந்தியாவில் இருந்து வருபவர்களுக்கு அது மெய். பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் சேவை நடந்திருக்கிறது. கிளிநொச்சியில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகலாம். பக்கத்திலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், கொஞ்சம் தள்ளி நிலாவரைக் கிணறு. ஆனால் ஐரோப்பா, கனடா, வளைகுடாவில் இருந்து வருகிறவர்கள் கட்டுநாயக்காவில்தான் இறங்குகிறார்கள்.

மகனை வழியனுப்பப் போகிறோம். அழுகையோடு போகும் நாளில் ஊர் பார்ப்பது என்ன பேச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தொலைபேசியிலேயே அழுதார். நான் சொன்னது இதுதான்: விமான நிலைய வாசலில் நின்று அழும் நேரத்தைக் குறைத்து, சேர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். விமானம் இரவு பத்துக்கு என்றால் மதியம் இரண்டுக்கே நீர்கொழும்புக்குப் போய்விடுங்கள். கட்டிக்கொண்டு போன சோற்றை மரநிழலில் பிரித்து அவனுக்கு ஒரு பிடி ஊட்டுங்கள். சூரியன் விழுமுன் எல்லோரும் நின்று ஒரு படம் எடுங்கள். ஆறரைக்கு அவனை வாசலில் விடலாம்.

திரும்பும் வழியை வெறுமையாக விடாதீர்கள். இரவு சிலாபத்தில் தங்கி, காலையில் முன்னேஸ்வரத்தில் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். அதற்குள் பெரும்பாலும் அவன் இடைத்தங்கும் நாட்டில் இறங்கியிருப்பான். கேள்வி கேட்ட அந்த வீட்டாருக்கு மகனின் அழைப்பு கோயில் வீதியில் நிற்கும்போது வந்தது. அர்ச்சனைத் தட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தாய் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பேசினாராம்.